நானா அஸ்மாவு (1793–1864): பள்ளிவாசலுக்கு வெளியே உருவான பெண் சமயத் தலைமை

ஆய்வுச்சுருக்கம்

மேற்கு ஆப்பிரிக்காவில் 19ஆம் நூற்றாண்டில் விளங்கிய சொக்கோட்டோ அரசின் பெண் அறிஞரும் பாவலருமான நானா அஸ்மாவு, தொழுகையை முன்னின்று நடத்தும் உரிமையைப் பெண்களுக்கு அளிக்காத மாலிக்கிச் சட்டநெறியைப் பின்பற்றியவர். எனினும், பெண்களே பெண்களுக்குச் சமயம் கற்பிக்கும் அமைப்பு ஒன்றை அவர் நிறுவினார். இவ்வமைப்பின் கருவியாக அமைந்தது அவர் இயற்றிய மனப்பாடச் செய்யுள். அவருடைய வாழ்க்கையைக் காலமுறைப்படி எடுத்துரைக்கும் இக்கட்டுரை, அவர் உருவாக்கிய தலைமை எத்தகையது, அதன் எல்லைகள் யாவை, அது எந்த அரசியல் சூழலில் தோன்றியது என்பவற்றை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நானா அஸ்மாவு, சொக்கோட்டோ, யன் தாரு, காதிரிய்யா, பெண்கல்வி, இரங்கற்பா, மனப்பாட மரபு.

முன்னுரை

இஸ்லாமியச் சமூகங்களில் பெண் தொழுகையை முன்னின்று நடத்தலாமா என்னும் வினா மிகப் பழமையானது. நபிகள் நாயகத்தின் காலத்தில் மதீனாவில் வாழ்ந்த உம்மு வரகா என்னும் பெண்மணி, தம் வீட்டாருக்குத் தொழுகை நடத்த இசைவு பெற்றார் என்னும் செய்தி அபூ தாவூத் நபிமொழித் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. நபிகளின் துணைவியரான ஆயிஷாவும் உம்மு ஸலமாவும் பெண்களின் வரிசை நடுவே நின்று தொழுவித்தனர் என்னும் செய்திகளும் உள்ளன. இவற்றை அடிப்படையாகக் கொண்டு ஷாஃபிஈ, ஹன்பலி நெறியினர் பெண் பெண்களுக்குத் தொழுவிப்பதை ஏற்கின்றனர். ஹனஃபி நெறியினர் அதனை விரும்பத்தகாதது எனக் கருதினும் தொழுகை நிறைவேறும் என்பர். மாலிக்கி நெறியின் பெரும்பான்மைக் கருத்து, பெண்களுக்கேயாயினும் பெண் இமாமாக நிற்க இடம் தருவதில்லை. 2005ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நியூயார்க் நகரில் ஆமினா வதூத் என்னும் அறிஞர், ஆண்களும் பெண்களும் கலந்து நின்ற வெள்ளிக்கிழமைத் தொழுகையை நடத்தியதை அடுத்து இவ்வினா உலகளவில் மீண்டும் எழுந்தது.

இவ்விவாதம் பெரும்பாலும் இமாம் நிற்கும் இடத்தை மட்டுமே நோக்கியதாக அமைகிறது. சமயத் தலைமை என்பது அவ்வோர் இடத்தில் அடங்கிவிடுவதா என்பது தனியே ஆராயத்தக்கது. நான்கு நெறிகளுள் இப்பொருளில் மிகக் கண்டிப்பானதாகிய மாலிக்கி நெறி நிலவிய நிலத்தில், ஒரு பெண் பல்லாண்டுகள் பெண்களின் சமய வாழ்வை வழிநடத்தினார் என்பது இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற சான்றாகும். அவரே நானா அஸ்மாவு. ஈழத்து முஸ்லிம்கள் வழக்கில் நானா என்பது அண்ணனைக் குறிக்கும் சொல். ஹௌசா வழக்கில் அது மதிப்பிற்குரிய பெண்மணியைக் குறிக்கும் அடைமொழி என்பதை முதற்கண் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

பிறப்பும் கல்வியும்

அஸ்மாவு 1793ஆம் ஆண்டு இன்றைய வடமேற்கு நைஜீரியாவில் உள்ள டெகெல் என்னும் சிற்றூரில் பிறந்தார். இரட்டையராகப் பிறந்த மக்களுள் அவர் ஒருவர், உடன்பிறந்தவர் ஹசன். தாயார் மைமூனா. தந்தையார் உஸ்மான் தன் ஃபோதியோ. ஷேகு என மக்களால் அழைக்கப்பட்டவர். ஃபுலானி இனத்து அறிஞர் குடியில் 1754இல் பிறந்த அவர், காதிரிய்யா ஞானநெறியைச் சார்ந்தவர். இளமை முதலே கோபிர் நாட்டு ஊர்தோறும் சென்று சமயவுரை நிகழ்த்தியவர்.

அக்குடியில் கல்வி ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. குடும்பத்துப் பெண்கள் தாமும் கற்றுப் பிறருக்கும் கற்பித்தனர். அஸ்மாவின் மூத்த சகோதரி கதீஜாவும் அறிஞராக விளங்கியவர். ஷேகுவின் கூட்டங்களுக்குப் பெண்களும் வந்தனர். இதனை எதிர்த்து 1780களில் மற்றோர் அறிஞர் செய்யுள் வடிவில் கண்டனம் எழுப்பினார். ஷேகுவின் தம்பி அப்துல்லாஹி செய்யுளிலேயே விடை தந்தார். பெண்கள் ஆண்களுடன் ஒரே அவையில் அமர்வதால் விளையக்கூடிய தீமையைவிட, அவர்களை அறியாமையில் விட்டுவைக்கும் தீமை பெரிது என்பது அவ்விடையின் சாரம். ஷேகுவும் தம் நூல்களில், மாணவர்க்கு நாள்தோறும் பாடம் சொல்லிக்கொண்டே தம் மனைவியரையும் மகளிரையும் கல்வியின்றி விட்டுவிடும் அறிஞர்களைக் கடிந்துள்ளார். கட்டாயக் கடமைகளைக் கற்பதற்காகப் பெண் வீட்டைவிட்டு வெளியே செல்லலாம் என்பது அவர் கொள்கை.

இச்சூழலில் வளர்ந்த அஸ்மாவு குர்ஆன், அரபு இலக்கணம், மாலிக்கிச் சட்டம், ஞானநூல்கள் ஆகியவற்றைக் கற்றார். தாய்மொழியாகிய ஃபுல்ஃபுல்டே, கல்விமொழியாகிய அரபு, நாட்டின் பெரும்பான்மை மக்கள் பேசிய ஹௌசா, பாலைநிலத்துத் துவாரெக் மக்களின் தமாஷெக் ஆகிய நான்கு மொழிகளை அறிந்திருந்தார். அவருடைய பிற்காலப் பணிக்கு இப்பன்மொழியறிவே அடித்தளமாயிற்று.

புலப்பெயர்வும் போரும்

ஷேகுவின் சீர்திருத்த இயக்கம் வலுப்பெறவே, கோபிர் மன்னர்க்கும் அவருக்கும் பகை மூண்டது. 1804 பிப்ரவரியில் ஷேகு தம் கூட்டத்தாருடன் டெகெலைவிட்டுக் குடு என்னும் இடத்திற்குப் புலம்பெயர்ந்தார். நபிகள் மக்காவைவிட்டு மதீனா சென்ற ஹிஜ்ரத்தின் வழிமுறையாக அச்செலவு கருதப்பட்டது. அப்போது அஸ்மாவுக்கு ஏறத்தாழப் பதினோரு வயது. அவ்வாண்டு ஜூன் திங்களில் தப்கின் க்வோத்தோ என்னும் நீர்நிலையருகே கோபிர் மன்னன் யுன்ஃபாவின் படையை ஷேகுவின் கூட்டத்தார் வென்றனர். ஆண்டிறுதியில் ட்சுன்ட்சுவாவில் பெருந்தோல்வி கண்டனர். குர்ஆனை முழுமையாக மனனம் செய்தோர் பலர் அங்கு மாண்டனர். 1808இல் கோபிரின் தலைநகரம் அல்கலாவா வீழ்ந்தது; யுன்ஃபா கொல்லப்பட்டான்.

நிலையான வீடின்றி, இடம்விட்டு இடம் பெயர்ந்தவாறு இந்நான்கு ஆண்டுகளையும் அஸ்மாவு கடந்தார். அவரது பிற்காலச் செய்யுள்களில் இப்பயணங்களும் போர்களும் ஊர்ப்பெயர்களுடன் வரிசையாக நினைவுகூரப்படுகின்றன. ஒரு சமூகம் தன் தோற்ற வரலாற்றை மறவாதிருக்கும்பொருட்டுப் பாடலாக்கிய பணி இது. நேரில் கண்டவர் ஒருவரின் பதிவு என்பதால் வரலாற்றாசிரியர்க்கும் இவை மூலச்சான்றுகளாகப் பயன்படுகின்றன.

மணவாழ்வும் சொக்கோட்டோவும்

1807ஆம் ஆண்டளவில் அஸ்மாவுக்கும் கிடாடோ என்பவர்க்கும் திருமணம் நடந்தது. கிடாடோ அவரினும் ஏறத்தாழ இருபது ஆண்டு மூத்தவர். அஸ்மாவின் தமையன் முகம்மது பெல்லோவின் உற்ற நண்பர். 1809இல் பெல்லோ சொக்கோட்டோ நகரை நிறுவினார். 1817இல் ஷேகு காலமானதும் பெல்லோ கலீபாவானார். கிடாடோ அவருடைய வஸீரானார். தந்தை நிறுவிய அரசைத் தமையன் ஆள, கணவர் நிர்வகிக்க, அவ்விருவர்க்கும் அறிவுத்துணையாக அஸ்மாவு விளங்கினார். 1824இல் சொக்கோட்டோ வந்த ஸ்காட்லாந்துப் பயணி கிளாப்பர்ட்டன் கிடாடோவைச் சந்தித்து அவர் குறித்து எழுதியுள்ளார். ஐரோப்பியர் கண்ணுக்குப் புலப்படாத அவ்வீட்டின் உட்பகுதியில் அதே ஆண்டுகளில் அஸ்மாவின் கல்விப்பணி நடைபெற்றுவந்தது.

அவர் தாயாகவும் ஒரு பெருங்குடும்பத்தின் தலைவியாகவும் இருந்தவர். உறவினர், பணியாளர், மாணவியர், விருந்தினர் எனப் பலர் சார்ந்திருந்த வீடு அது. எழுத்துப்பணியும் கற்பித்தலும் இக்கடமைகளுக்கு இடையே நிகழ்ந்தன. துறவும் தனிமையும் ஞானவாழ்வின் அடையாளங்களாகக் கருதப்படும் சூஃபி மரபில், இல்லறத்தையும் ஆட்சியின் அண்மையையும் விடாமலே ஞானநெறி நின்றவர் என்பது அவருடைய தனித்தன்மையாகும்.

மும்மொழிப் பாவலர்

அஸ்மாவின் படைப்புகளாக அறுபதுக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. அவற்றுள் காலத்தால் முந்தியனவற்றுள் ஒன்று 1820இல் எழுதப்பட்ட தன்பீஹுல் ஃகாஃபிலீன் என்னும் அறவுரை நூல். 1839இல் எழுதப்பட்ட தப்ஷீருல் இக்வான், குர்ஆன் அத்தியாயங்களை ஓதி நோய்தீர்க்கும் முறைகளைப் பற்றியது. ஏனையவற்றுள் பெரும்பாலானவை செய்யுள்கள்.

மொழித்தேர்வில் அவர் தெளிவான நோக்கம் கொண்டிருந்தார். தம் இனத்தார்க்கு ஃபுல்ஃபுல்டேயிலும், பொதுமக்களுக்கு ஹௌசாவிலும், அறிஞர்க்கு அரபிலும் எழுதினார். குர்ஆனின் 114 அத்தியாயப் பெயர்களையும் செய்யுளில் கோத்துத் தரும் பாடலை மூன்று மொழிகளிலும் அவர் யாத்தமை இதற்குச் சான்று. எழுத்தறியாதவரும் அப்பாடலை மனனம் செய்தால் வேதத்தின் அமைப்பு முழுவதையும் நெஞ்சில் நிறுத்திக்கொள்ளலாம். சஹாராவுக்கு அப்பால், இன்றைய மௌரித்தானியாவிலிருந்து வந்த அறிஞர் ஒருவரை வரவேற்று அவர் அரபுச் செய்யுள் எழுதியுள்ளார். அவருடைய புலமை நாட்டெல்லை கடந்து அறியப்பட்டிருந்தது என்பதை இதனால் உணரலாம்.

துன்பத்துடன் எளிமையும் உண்டு என்னும் குர்ஆனின் 94ஆம் அத்தியாயக் கருத்தை மையமாக்கிப் பெல்லோ ஒரு பாடல் இயற்ற, அதற்கு இணையாக அஸ்மாவும் ஒன்று இயற்றினார். அவ்வேதத்தொடரின் எழுத்துகளே அடிகளின் முதலெழுத்துகளாக வருமாறு அது அமைந்தது. பிறர் இயற்றிய ஈரடிச் செய்யுளுக்குத் தாம் மூன்றடி சேர்த்து ஐந்தடியாக்கும் தக்மீஸ் என்னும் அரபு மரபையும் அவர் கையாண்டார்.

ஃபுல்ஃபுல்டேயும் ஹௌசாவும் அக்காலத்தில் அரபு எழுத்துகளிலேயே எழுதப்பட்டன. தமிழை அரபு எழுத்துகளால் எழுதிய அரபுத்தமிழ் மரபை அறிந்த நமக்கு இது புதிதன்று. அஸ்மாவுக்கு ஓராண்டு மூத்தவராகத் தமிழகத்தில் தோன்றிய குணங்குடி மஸ்தான் சாகிபும் அதே காதிரிய்யா நெறியினர். அந்நெறியின் முதல்வர்மேல் முகியித்தீன் சதகம் பாடியவர். ஒரே ஞானநெறி, ஒரே காலத்தில், இருவேறு நிலங்களில் அந்தந்த மக்களின் மொழிச் செய்யுளைத் தன் ஊடகமாக்கிக்கொண்டது என்பது ஒப்பியல் ஆய்வுக்குரிய செய்தியாகும்.

சூஃபிப் பெண்டிர் பற்றிய பாடல்

பெல்லோ 1835இல் பெண்களுக்கான அறவுரை நூலொன்றை அரபு உரைநடையில் எழுதினார். 12ஆம் நூற்றாண்டு பக்தாத் அறிஞர் இப்னுல் ஜவ்ஸி தொகுத்த இறையடியார் வரலாறுகளிலிருந்து பெண்களைத் தெரிந்தெடுத்து அமைந்த நூல் அது. அதனைச் செய்யுளாக்கும் பொறுப்பை அஸ்மாவு ஏற்றார். பஸ்ராவின் ராபியா அல் அதவிய்யா முதலான ஞானப்பெண்டிரின் பெயர்கள் இவ்வாறு மேற்கு ஆப்பிரிக்கச் சிற்றூர்ப் பெண்களின் நாவில் வழங்கலாயின.

மூலத்தை அஸ்மாவு அப்படியே பின்பற்றவில்லை என்பது கருதத்தக்கது. நபிகளின் குடும்பத்துப் பெண்களையும் பழங்கால ஞானப்பெண்டிரையும் போற்றிய வரிசையிலேயே, தம் சமூகத்தில் ஷேகுவின் காலத்தில் வாழ்ந்த பெண்களையும் சேர்த்தார். கேட்போர் நேரில் கண்டிருக்கக்கூடிய பெண்கள், ராபியாவின் பெயருடன் ஒரே பாடலில் இறைஞ்சி வேண்டும் துணையாகக் குறிக்கப்பெற்றனர். ஞானநிலை தொலைதூர நாட்டுக்கும் கடந்த காலத்துக்கும் மட்டும் உரியதன்று, இவ்வூரிலும் இவ்வாழ்விலும் எய்தத்தக்கது என்னும் கருத்து இச்சேர்க்கையால் நிலைநாட்டப்பட்டது. பாடத்தில் செய்த இச்சிறு மாற்றமே அவருடைய சமயச் சிந்தனையின் மையம் எனக் கருத இடமுண்டு.

யன் தாரு அமைப்பு

அஸ்மாவு நிறுவிய பெண்கள் அமைப்பு யன் தாரு என வழங்கப்பட்டது; ஹௌசா மொழியில் ஒன்றுகூடுவோர் என்பது இதன் பொருள். ஊர்ப்புறப் பெண்களுக்குக் கல்வியைக் கொண்டுசேர்ப்பதில் பெருந்தடை ஒன்றிருந்தது. குழந்தை பெறும் வயதிலுள்ள மணமான பெண்கள் வீட்டுக்குள் தங்கும் வழக்கம் இருந்ததால் நெடுந்தொலைவு செல்ல இயலாது. அஸ்மாவு இவ்வழக்கத்தை எதிர்த்து நிற்கவில்லை. அதனைக் கணக்கில் கொண்டே தம் அமைப்பை வகுத்தார். மகப்பேற்று வயதைக் கடந்த முதிய பெண்களும் மணமாகாத சிறுமியரும் பயணம் செய்யத் தடையில்லை. அவர்கள் குழுவாகச் சொக்கோட்டோ வந்து அஸ்மாவிடம் பாடங்கேட்டுத் திரும்பினர். கற்றவற்றை வீட்டிலிருந்த பெண்களிடம் எடுத்துச்சென்றனர்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஜாஜி எனப்படும் தலைவி இருந்தாள். ஜாஜி என்பது வணிகச்சாத்தின் தலைவனைக் குறிக்கும் சொல். வழியறிந்து கூட்டத்தைக் காத்து நடத்துபவன் பெயர், சமயவழியில் பெண்களை நடத்துபவளுக்கு ஆயிற்று. ஜாஜியாக அமர்த்தப்பட்டவளுக்கு அஸ்மாவு மல்ஃபா என்னும் பெரிய புல்தொப்பியையும் அதனைச் சுற்றிக் கட்டும் சிவப்புத் துணியையும் அளித்தார். கோபிர் நாட்டில் போரி என்னும் ஆவிவழிபாட்டின் பெண் தலைவி அணிந்த சின்னம் அத்தொப்பி. மக்கள் மதித்துப் பழகிய பழைய சமயச் சின்னத்தைப் புதிய சமயத் தலைவியின் தலையில் வைத்ததன் வாயிலாக, அச்சின்னத்தின் மதிப்பு புதிய பொறுப்புக்கு மாற்றப்பட்டது.

பாடநூலாக அமைந்தது செய்யுள். ஒளூ, தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகிய கடமைகள், நன்னடத்தை, மறுமை, நபிகளின் வாழ்வு, ஷேகுவின் வரலாறு ஆகியன பாடுபொருள்கள். ஜாஜி செய்யுளை முதலில் தான் மனனம் செய்வாள். பின் அடியடியாகச் சொல்லிக்கொடுத்து விளக்கம் தருவாள். செய்யுள் சுருக்கமானது; விரிவு ஆசிரியையின் அறிவில் அடங்கியிருந்தது. ஆகவே ஒவ்வொரு ஜாஜியும் அஸ்மாவின் சொற்களைச் சுமப்பவளாக மட்டுமன்றி, அவற்றைத் தன் ஊர்ப்பெண்களின் வாழ்வுக்கேற்ப விரித்துரைப்பவளாகவும் இருந்தாள். எழுத்தறிவும் ஏடும் அரிதாயிருந்த ஊர்களில் இம்முறை பயனளித்ததற்கு இதுவே காரணம்.

தொழுகைத் தலைமையும் சமயத் தலைமையும்

அஸ்மாவு மாலிக்கிச் சட்டத்தை மீறி இமாமாக நின்றவர் அல்லர். அவ்வுரிமையைக் கோரியவரும் அல்லர். இக்கால விவாதங்களில் அவரை முன்னோடியாகக் காட்டுவோரும், பெண் தலைமையை மறுப்போரும் ஆகிய இருசாராரும் இவ்வுண்மையைக் கருத்திற்கொள்ளல் வேண்டும்.

தொழுகையில் இமாமின் பணி, கூட்டத்தார் சரியான முறையிலும் ஒரே ஒழுங்கிலும் வழிபடுமாறு செய்வது. அஸ்மாவின் ஏற்பாட்டில் பெண்கள் தொழுகையின் முறையை யாரிடம் கற்றனர் எனில், ஜாஜியிடம். எந்த அத்தியாயங்களை ஓதுவது, எது தொழுகையை முறிக்கும், எது கடமை, எது விருப்பச்செயல் என்பவற்றை முடிவுசெய்து சொன்னவள் அவளே. வேண்டுதலின் சொற்களையும் அவளே தந்தாள். அஸ்மாவின் பாடல்கள் பல, இறைவனை விளித்து மன்னிப்பும் மழையும் வெற்றியும் வேண்டுபவை. அவற்றைப் பெண்கள் சேர்ந்து பாடியபோது கூட்டு வேண்டுதல் நிகழ்ந்தது. தமிழ் முஸ்லிம் மரபில் முனாஜாத்துப் பாடல்கள் செய்யும் பணி இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

ஆகவே, இமாமின் இடம் மூடப்பட்டிருந்தபோதும் இமாமின் பணிகளுள் பலவற்றைப் பெண்கள் ஏற்றனர் எனக் கூறலாம். இதனை முழு வெற்றியென்றும் கூறுதற்கில்லை. வெள்ளிக்கிழமை உரைமேடை ஆண்களுக்கே உரியதாயிருந்தது. சட்டத்தீர்ப்பும் அவர்கள் கையிலேயே இருந்தது. அஸ்மாவின் புகழ்கூட ஷேகுவின் மகள், பெல்லோவின் தங்கை, வஸீரின் மனைவி என்னும் உறவுகளால் காக்கப்பட்டது. அவ்வுறவுகள் இல்லாத ஒரு பெண் இவ்வளவு செய்திருக்க இயலுமா என்பது ஐயத்திற்குரியது. ஆயினும் அவர் பயிற்றுவித்த ஜாஜிகள் பலர் எளிய குடிப்பெண்கள். உறவால் தமக்குக் கிடைத்த இடத்தை, உறவில்லாத பெண்களுக்கும் பகிர்ந்தளித்தமை அவருடைய சாதனையாகும்.

இரங்கற்பாக்கள்

அஸ்மாவின் செய்யுள்களுள் இரங்கற்பாக்கள் தனிச்சிறப்புடையவை. 1837இல் பெல்லோ மறைந்தபோதும், பின்னர்க் கணவர் கிடாடோ மறைந்தபோதும் அவர் இரங்கற்பா இயற்றினார். கலீபாவுக்கும் வஸீருக்கும் இரங்கற்பா பாடுதல் எந்நாட்டுப் புலவரும் செய்வதே. அஸ்மாவு அவ்வடிவத்தை ஊரறியாப் பெண்களுக்கும் உரியதாக்கினார்.

ஹவ்வாவு என்னும் ஜாஜி மறைந்தபோது, அவள் பெண்களைத் திரட்டித் தம்மிடம் அழைத்துவந்த பணியைப் பாடினார். ஸஹராத்து என்பவள் சமயம் கற்பித்ததையும், பிள்ளைப்பேற்றின்போது பெண்களுக்கு உதவியதையும், இறந்தோரின் உடலைக் குளிப்பாட்டி அடக்கத்திற்கு ஆயத்தம் செய்ததையும் பதிந்தார். ஹலீமா என்னும் அண்டைவீட்டுப் பெண்ணின் பொறுமையையும் உறவுபேணும் பண்பையும் போற்றினார். பெல்லோவின் மனைவியும் தம் இளமைத்தோழியுமான ஆயிஷாவுக்கு அவர் பாடிய இரங்கற்பாக்களில் துயரம் மிக நேராக வெளிப்படுகிறது. தனிமையும் இழப்பும் அவற்றில் மறைக்கப்படவில்லை.

பெண்ணின் உடலைப் பெண்ணே குளிப்பாட்டுதல் இஸ்லாமிய மரபு. பிறப்பிலும் இறப்பிலும் பெண்ணுக்கு அருகில் நிற்பவள் பெண்ணே. இப்பணிகள் சமயப்பணிகள் எனப் பெரும்பாலான வரலாறுகளில் எண்ணப்படுவதில்லை. அஸ்மாவு அவற்றை இரங்கற்பாவில் ஏற்றியதால், அவை நினைவில் நிறுத்தத்தக்க இறைத்தொண்டு என்னும் தகுதியைப் பெற்றன. போர்வீரரின் வெற்றியும் மருத்துவச்சியின் பணியும் அவருடைய தொகுப்பில் ஒரே செய்யுள்மரபில் இடம்பெறுகின்றன.

வெற்றியின் மறுபக்கம்

அஸ்மாவின் பணியை அது நிகழ்ந்த அரசிலிருந்து பிரித்து மதிப்பிடுதல் முறையன்று. சொக்கோட்டோ போரினால் உருவான அரசு. 19ஆம் நூற்றாண்டில் அடிமைகளை மிகுதியாகக் கொண்டிருந்த அரசுகளுள் அது ஒன்று. போரில் சிறைப்பட்ட பெண்கள் வெற்றியாளரின் வீடுகளில் அடிமைகளாகவும் துணைக்கிழத்தியராகவும் சேர்க்கப்பட்டனர். 1836இல் கவாக்குகே போரில் கோபிர் படையைப் பெல்லோ வென்றதையும் அஸ்மாவு பாடியுள்ளார். வென்றவரின் பார்வையே அங்குள்ளது.

யன் தாருவின் பாடங்கள் சென்றடைந்தவருள் தோல்வியுற்ற நாட்டுப் பெண்களும் இருந்தனர். அவர்களுக்கு ஷேகுவின் வரலாற்றைக் கற்பித்தல், புதிய ஆட்சியை அவர்கள் மனத்தில் நிறுவும் செயலாகவும் இருந்தது. போரித் தலைவியின் தொப்பி ஜாஜிக்கு மாறியபோது ஒரு பெண் தலைமை தோன்றியது. அதே நிகழ்வில் மற்றொரு பெண் தலைமை தன் இடத்தை இழந்தது. போரி வழிபாடும் பெண்கள் கூடி, பெண்ணின் தலைமையில், நோய்தீர வேண்டிய வழிபாடுதான் என்பதை மறத்தலாகாது.

அதே வேளையில், அரசாதிக்கத்தின் கருவியென்று மட்டும் இக்கல்வியைக் கொள்வதும் முழுமையாகாது. வீடிழந்து, மொழி வேறான ஊரில் வாழ நேர்ந்த பெண்ணுக்கு யன் தாருவின் கூட்டம் உறவுவட்டத்தையும், மதிக்கத்தக்க அறிவையும், காலப்போக்கில் தானே ஆசிரியையாகும் வாய்ப்பையும் தந்தது. ஆதிக்கமும் அரவணைப்பும் ஒரே அமைப்பில் இணைந்திருந்தன. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துரைக்கும் வாழ்க்கை வரலாறு குறைபாடுடையதாகும்.

இறுதியாண்டுகளும் தொடர்ச்சியும்

தமையனும் கணவரும் தோழியரும் ஒருவர்பின் ஒருவராக மறைந்த பின்னும் அஸ்மாவின் எழுத்தும் கற்பித்தலும் நிற்கவில்லை. 1850களில் அவர் இயற்றிய இரங்கற்பாக்கள் இதனை உணர்த்துகின்றன. 1864இல், ஏறத்தாழ எழுபத்தொன்றாம் வயதில், சொக்கோட்டோவில் காலமானார். தந்தையின் அடக்கத்தலத்திற்கு அருகே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

யன் தாருவின் பொறுப்பு அவருடைய தங்கை மர்யமிடம் சென்றது. 1903இல் ஆங்கிலேயர் சொக்கோட்டோவைக் கைப்பற்றினர். அரசு வீழ்ந்த பின்னும் அமைப்பு தொடர்ந்தது. 20ஆம் நூற்றாண்டில், அவருடைய வழித்தோன்றலும் சொக்கோட்டோவின் வஸீருமாகிய ஜுனைது தம் குடும்பத்துச் சுவடிகளைப் பேணி வைத்திருந்தார். அவற்றை ஆராயும் வாய்ப்புப் பெற்ற ஜீன் பாய்டு 1989இல் அஸ்மாவின் வாழ்க்கை வரலாற்றையும், பெவர்லி மேக்குடன் இணைந்து 1997இல் படைப்புத் தொகுப்பையும் வெளியிட்டார். அதன் பின்னரே அஸ்மாவின் பெயர் உலக அறிஞரிடையே பரவியது. சொக்கோட்டோப் பெண்களிடையே அப்பெயர் அதற்கு முன்பும் மறைந்திருக்கவில்லை.

முடிவுரை

நானா அஸ்மாவின் வாழ்க்கையிலிருந்து மூன்று கருத்துகளைப் பெறமுடிகிறது. முதலாவது, இமாமின் இடம் பெண்ணுக்கு மறுக்கப்பட்ட சட்டநெறியிலும், தொழுகையைக் கற்பித்தல், வேண்டுதலுக்குச் சொல் தருதல், இறையடியார் வரிசையை வகுத்தல், இறந்தோர்க்கு இரங்குதல் ஆகிய பணிகளின் வாயிலாகப் பெண் சமயத் தலைமை நிலைபெற்றது. இரண்டாவது, மக்கள்மொழிச் செய்யுளும் மனப்பாட மரபும் அத்தலைமையைப் பரப்பிய ஊடகங்கள்; எழுத்தறிவின்மை அதற்குத் தடையாகவில்லை. மூன்றாவது, அத்தலைமை வெற்றிபெற்ற அரசொன்றின் நிழலில் வளர்ந்தது. அதன் பயனையும் அதற்குப் பிறர் கொடுத்த விலையையும் சேர்த்தே மதிப்பிடல் வேண்டும்.

தமிழக முஸ்லிம் பெண்களின் சமயக்கல்வியும் பெருமளவு வீட்டுக்குள், பெண் ஆசிரியைகளின் வாய்மொழியாக நிகழ்ந்துவந்துள்ளது. குர்ஆன் ஓதக் கற்பித்த பெண்கள், மவ்லிதும் முனாஜாத்தும் சொல்லிக்கொடுத்த பெண்கள், மையித்தைக் குளிப்பாட்டிய பெண்கள் ஆகியோரின் பெயர்கள் இலக்கிய வரலாறுகளில் அரிதாகவே காணப்படுகின்றன. ஹவ்வாவுக்கும் ஸஹராத்துக்கும் ஹலீமாவுக்கும் அஸ்மாவு செய்ததைப் போல, நம் ஊர்களின் ஆசிரியைகளைப் பெயரறிந்து பதிவுசெய்யும் கள ஆய்வு தமிழ்த்துறைகளில் மேற்கொள்ளப்பட வேண்டும். அப்பெண்களிடம் பாடங்கேட்டவர்கள் உயிருடன் இருக்கும் இக்காலத்திலேயே அது நிகழ்தல் வேண்டும்.